வள்ளியம்மாள் பேரனும் எங்கள் ஆயாவும்

பதினொன்றாம் வகுப்பில் யாப்பு நடத்தும் நாள் எனக்குத் திருவிழா மாதிரி. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கை தட்டச் சொல்லி அசை பிரிப்போம். 2019-ன் கடைசியில் அப்படி ஒரு நாள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், தமிழில் முப்பத்தைந்தைத் தாண்டப் பாடுபடுகிறவன், நான் சொன்ன வாய்பாட்டையே மேசையில் வேறு மாதிரி தட்டினான். நேர் வருகிற இடத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. நிரை வருகிற இடத்தில் விரல்களால் இரண்டு தட்டு. ஒரு சீர் முடிந்ததும் ஒரு தட்டை வேண்டுமென்றே விழுங்கினான். அவ்வளவுதான். கருவிளமும் கூவிளமும் எழுந்து நின்று ஆட ஆரம்பித்துவிட்டன. பதினேழு வருடமாக நான் நடத்திவந்த பாடம் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் உடம்புக்குள் இறங்கியது.

“எங்கடா கத்துக்கிட்ட இத?”

“அறிவு பாட்டு மிஸ். நீங்க கேட்டதில்லயா? உங்க ஊருதான் மிஸ் அவரு. அரக்கோணம்.”

என் ஊர். நான் பிறந்து, படித்து, மணமாகி, இன்றைக்கும் தினமும் காலையில் ரயில் பிடிக்கிற ஊர். அன்று சாயங்காலம் திருவள்ளூர் பிளாட்பாரத்தில் நின்றபடியே, அந்தப் பையன் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த பெயரைப் போனில் தேடினேன். ‘தெருக்குரல்’. திருக்குறளை நடத்திப் பிழைக்கிறவள் நான். அந்தத் தலைப்பைப் படித்த கணமே, இந்தப் பிள்ளை தமிழைக் கையில் எடுத்து விளையாடத் தெரிந்தவன் என்று புரிந்துவிட்டது.

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் இருபத்தேழு கிலோமீட்டர். கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு, மோசூர் என்று வண்டி ஊர்ந்து வரும். அந்த முக்கால் மணி நேரத்தில் அந்த ஆல்பத்தைக் கேட்டேன். இறங்கி, வீட்டுக்குப் போகாமல், நிலைய பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். வீட்டிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. ‘ஆன்டி இண்டியன்’ பாட்டில் ஒரு குரல் யாருக்கும் பணியாமல், யாரையும் கெஞ்சாமல், கேள்வி கேட்கிறவனைத் தேசத்துரோகி என்று சொல்லும் வாயை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறது. ‘கள்ள மௌனி’ தெரிந்தும் தெரியாதவர்போல இருக்கிறவர்களுக்கு. அதைக் கேட்டபோது ஆசிரியர் அறையில் நான் வாய்மூடி இருந்த சில மத்தியானங்கள் கண்முன் வந்து நின்றன. ‘ஸ்னோலின்’ வந்தபோது வண்டி திருவாலங்காட்டில் நின்றிருந்தது. 2018 மே 22, தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் இறந்த பதினேழு வயதுப் பெண். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது. எதிரில் இருந்த பூக்காரம்மா, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இந்த ஆல்பத்தின் பின்னால் படக் கம்பெனி இல்லை, ஹீரோ இல்லை. பாடுகிறவர் அறிவு என்கிற அறிவரசு. இசை ஆஃப்ரோ என்ற பெயரில் இயங்கும் ரோஹித் ஆபிரகாம். எழுதி, பாடி, கோத்து, வெளியிட்டார்கள். சினிமாவுக்குள் போனால்தான் பாட்டு, இல்லாவிட்டால் அது வெறும் முணுமுணுப்பு என்று நம்பி வளர்ந்த தலைமுறை என்னுடையது. 1994-ல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ராப் என்றால் வேகமாகப் பேசுவது, சிரிக்க வைப்பது என்றுதான் பதிந்திருந்தது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி குழு ‘வல்லவன்’ கொண்டுவந்தது என் காதுக்கே எட்டவில்லை. அதனால் தெருக்குரல் எனக்கு நேராக வந்து விழுந்த இடி.

ராப் என்றால் வேகம் என்ற நினைப்பை முதலில் உடைத்தது அறிவு நிறுத்துகிற இடங்கள்தான். சொற்கள் சரம்சரமாக வந்துகொண்டே இருக்கும். நாம் அடுத்த சொல்லுக்குத் தயாராக இருப்போம். வராது. பீட் மட்டும் நடக்கும். அந்த ஒரு தட்டு இடைவெளியில் முந்தைய சொல் மனதில் முழு எடையோடு இறங்கும். அப்புறம்தான் அடுத்தது. என் மாணவன் மேசையில் விழுங்கிய அந்த ஒரு தட்டு இங்கிருந்து வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம் நான் ஒரு நோட்டு வாங்கினேன். நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு. பாட்டைக் கேட்டு, நிறுத்தி, எழுதி, அசை பிரித்தேன். ஒரு பார் என்றால் நான்கு தட்டு, பதினாறு பார் சேர்ந்தால் ஒரு வெர்ஸ் என்று பையன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு ஓடும் ஒரு பாட்டில் ஒரு பார் மூன்று வினாடிகூடக் கிடையாது. பதினாறு பாரும் சேர்ந்து நாற்பத்து மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த நாற்பத்து மூன்று வினாடிக்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். நேரிசை வெண்பாவுக்கு நாலடி என்று வகுத்தவன் இதைக் கேட்டால் தலையசைப்பான்.

இங்கே ஒரு தமிழாசிரியையாக எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் ராப்பின் உயிர் அடி முடிவில் வரும் ஒலி ஒற்றுமையில் இருக்கிறது. நாம் அதை இயைபு என்போம். தமிழில் இயைபு மலிவு. வந்தான், போனான், நின்றான், சென்றான் என்று வினைமுற்றை அடுக்கினாலே இயைந்துவிடும். எந்தக் கட்சிக்கூட்டப் பேச்சாளரும் செய்கிற வேலை அது. அதனால்தான் பல தமிழ் ராப் பாட்டுகள் இரண்டாவது நிமிடத்தில் அலுத்துப் போகின்றன. தமிழின் பலம் அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. மோனையும் எதுகையும்தான் நம் செவிக்குப் பழகிய பொறி. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும்போது நமக்குள் ஏதோ நிமிர்கிறது. தாலாட்டில், பழமொழியில், விடுகதையில் எல்லாம் அதுதான் இருக்கிறது. அறிவின் வரிகளை எழுதிப் பார்த்தால் அந்த எதுகை தலையிலும் வரும், நடுவிலும் வரும், ஒரு சீரிலிருந்து அடுத்த சீருக்குத் தாவியும் வரும். அதை இலக்கணம் படித்து எழுதினாரா, காதால் கேட்டு எழுதினாரா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் வளர்ந்த கதையைத் தேடிப் படித்தபோது விடை கிடைத்தது.

அவருடைய அம்மாவும் அப்பாவும் ஆசிரியர்கள். அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்கள். அறிவொளி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மண்ணெண்ணெய் வாசம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக்கு அறிவொளி வந்தபோது எனக்குப் பத்து வயது. ராத்திரி சாப்பாடு முடிந்து, பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். ‘பட்டா’, ‘படி’ என்று எழுத்துக்கூட்டுவதற்கு முன் ஒரு பாட்டு பாடுவார்கள். தெருமுனையில் நாடகம் போடுவார்கள். அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாட்டாகத்தான் கொண்டுபோக முடியும் என்று அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெருவில், அந்தப் பாட்டுக்கு நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளை பெரியவனாகிப் பாடினால் அது தெருக்குரலாகத்தானே இருக்கும்? எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்த விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் அது இப்படிப் பற்றிக்கொண்டது என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கவிதை எழுதிக்கொண்டிருந்தவரை மேடைக்குக் கொண்டுவந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு அது. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்தது. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. நான் அங்கே இல்லை. அந்த மாலையில் நான் வீட்டில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சாம்பல் நிற கோட் சூட். பறை, சட்டி, கட்டை மோளம், பக்கத்திலேயே கிடாரும் டிரம்ஸும். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த மோளம் கோட் போட்டுக்கொண்டு நடுமேடையில் நிற்கிறது. கானா பாடும் இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடி வந்த இடத்தில் தலைநிமிர்ந்து பாடுகிறார். அவர்களுக்கு நடுவில் ஒல்லியாக, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் காற்றை வெட்டியபடி அறிவு. ராப்பைக் கானாவோடும் பறையோடும் சேர்த்துக் கட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது என்பதை அந்தக் குழு ஒரே மாலையில் நிரூபித்துவிட்டது. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டைச் சுழற்றியதுதான் ஹிப்ஹாப்பின் தொடக்கம் என்பார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் கையில் கிடைத்ததை வைத்துத் தாளம் செய்த கதை அது. பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது ரயில் பெட்டித் தகரத்தில் தாளம் போட்டுக் கானா பாடும் எங்கள் பையன்களிடம் அதைப் போய்ச் சொன்னால், “ஆமா, அதான?” என்பார்கள்.

ஒரு முறை அறிவை நேரிலும் கேட்டுவிட்டேன். சென்னையில் ஒரு திறந்தவெளி மேடை. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் பாதிப்பேர் என் மாணவர்கள் வயது. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் கூடவே பாடினார்கள், ஒரு எழுத்துப் பிசகாமல். வல்லின ஒற்றுகூட விடவில்லை. மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கச் சொன்னால் தடுமாறுகிற அதே வயதுப் பிள்ளைகள்! அவர் உச்சரிப்பை அருகிலிருந்து கேட்க வேண்டும். ளகரம் ளகரமாகவே வரும், றகரம் அடிவயிற்றிலிருந்து வரும். ராப் பாடுகிறோம் என்று நாக்கை மடித்து அமெரிக்காக்காரராக ஆகிவிடுவதில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் பேரம் பேசுகிற அதே வாய். நடுவில் ஒரு பாட்டை நிறுத்திவிட்டுப் பீட் இல்லாமல் வெறும் குரலில் சொன்னார். மைதானம் அப்படியே அமைதியாகிவிட்டது. என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

2021 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, ஏ.ஆர்.ரகுமான் துணைநின்ற ‘மாஜா’ தளத்தில் வெளியானது. பள்ளி திறந்து ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மட்டும் பாடம் நடந்த காலம். திங்கள்கிழமை காலையில் என் கடைசி பெஞ்சுக்காரன் முகக்கவசத்துக்குள் இருந்தே கத்தினான்: “மிஸ், பாத்தீங்களா? அவங்க ஆயா வந்திருக்காங்க மிஸ்!”

பார்த்திருந்தேன். அன்று இரவு மட்டும் ஒன்பது முறை.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர். அந்த வரலாறு பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் இங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள், 1948-ல் குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கப்பட்டார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்ளும் என்று பங்கு பிரித்தது. இந்த எண்களை நானே எத்தனையோ முறை பொதுஅறிவு வினாவாகப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணுக்குள் ஒரு வள்ளியம்மாள் இருக்கிறார், காட்டைத் திருத்தி, செடியை நட்டு, ஆளான பிறகு வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர் என்று பாட்டு சொன்னபோதுதான் எண் மனுஷியாக மாறியது. வீடியோவில் அந்த அம்மாளே கம்பீரமாக வந்து அமர்ந்திருக்கிறார்.

‘எஞ்சாமி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என் சாமி. நிலம் வைத்திருந்தவனைப் பார்த்துக் கைகட்டிச் சொல்ல வைத்த சொல். அதே சொல்லைத்தான் எங்கள் பக்கத்து ஆயாக்கள் பேரப்பிள்ளையை வாரி எடுத்துக் கொஞ்சும்போதும் சொல்வார்கள். பணிவுச் சொல்லைப் பாசச் சொல்லாக மாற்றியது நம் கிழவிகள். அதை உலகத்துக்கே பாட்டாகக் கொடுத்தது ஒரு பேரன். நாற்பது கோடித் தடவைக்கு மேல் உலகம் அதைப் பார்த்தது. அந்தப் பாட்டில் கொண்டாட்டமும் இருக்கிறது, ஒப்பாரியும் இருக்கிறது. கல்யாண வீட்டில் ஆடிய எத்தனை பேருக்கு அதில் ஒப்பாரி கேட்டது என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஒரு இசை இதழ் இந்தப் பாட்டைக் கொண்டாடிய அட்டையில் அறிவின் முகம் இல்லாமல் போனபோது, பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் தாங்களே ஒரு அட்டைப்படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள்.

அறிவு பாட்டு செய்யும் முறை என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். அவர் முதலில் கேட்கிறார். வீட்டுக் கிழவி பேசுவதை, இழவு வீட்டில் பெண்கள் அழுவதை, களத்துமேட்டில் சொல்லிக்கொள்ளும் கதையை எல்லாம் காது கொடுத்துக் கேட்கிறார். அந்தப் பேச்சில் ஏற்கெனவே ஒரு தாளம் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் பீட்டுக்குள் ஏற்றுகிறார். படத்துக்கு எழுதினாலும் சரி, ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ ஆனாலும் ‘ஜெய் பீம்’ படத்தின் ‘பவர்’ ஆனாலும், பேச்சுத் தமிழின் எலும்பு உள்ளே தெரியும். 2024-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே ‘வள்ளியம்மா பேராண்டி’. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா?

தினமும் என் வண்டி நிற்கிற திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் பாடிய தலம். பேய்களும் நரிகளும் உலவும் சுடுகாட்டில் ஆடும் இறைவனைப் பாடும்போது அந்த அம்மை, சுரங்களின் பெயரையும் வாத்தியங்களின் பெயரையும் வரிசையாக அடுக்குகிறார். சுடுகாட்டில் உட்கார்ந்து வாத்தியங்களின் பட்டியல் போட்ட ஒரு தமிழ்ப் பெண். அவரைப் படிக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் அடியில் ஒரு பீட் கேட்கிறது. மாணவர்களிடம் சொன்னேன். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. “போடலாம் மிஸ்” என்றார்கள்.

அந்தப் பையன்கள் சொந்தமாக ஒரு பாட்டு எழுதினார்கள். வறண்ட ஏரியில் கிரிக்கெட் ஆடுவதைப் பற்றி, அந்த ஏரி நிறைந்திருந்தபோது தாத்தா மீன் பிடித்ததைப் பற்றி. பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் நாட்டுப்புறப் பாடல் பிரிவில் பெயர் கொடுத்தோம். முதல் வெர்ஸ் முடிவதற்குள் நடுவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இது நாட்டுப்புறம் இல்லை, மேல்நாட்டுச் சத்தம் என்றார். பையன்கள் மேடையிலிருந்து இறங்கி வந்த முகம் எனக்கு மறக்காது. நான் அந்த மேசை வரைக்கும் போய், ஒவ்வொரு அடியாக மோனை, எதுகை, இயைபு மூன்றையும் சொல்லிக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அதே பாட்டை அவர்கள் பெட்டியே அதிரப் பாடினார்கள். காய்கறி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மூட்டையைத் தட்டித் தாளம் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. என் அம்மாவைப் பெற்றவர். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எட்டு வயதிலிருந்து நடவு நட்டவர். இப்போது எண்பத்தெட்டு ஆகிறது. கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. சின்ன வயதில் அவர் பாடிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் தமிழ் படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள்கூட, “ஆயா, பாடு” என்று கேட்டதில்லை. நாட்டுப்புறவியல் தாளில் எண்பது மார்க் வாங்கியவள், வீட்டுத் திண்ணையில் இருந்த புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வள்ளியம்மாளின் பேரன் தன் ஆயாவிடம் போய்க் கேட்டான். அதுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். “இன்னாத்துக்குடி அது இப்ப?” என்றார் முதலில். சேற்றில் நின்றால்தான் வரும், பாயில் உட்கார்ந்தால் எப்படி வரும் என்றார். மூன்று வாரம் போனேன். நான்காவது வாரம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கை அசைவிலேயே பாட்டு தானாக வந்துவிட்டது. போனில் பதிவு பண்ணினேன். குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுகிற வேலைக்கான பாட்டு. ஒரு தட்டுக்கு ஒரு நாற்று. வரிசை முடிந்து எல்லோரும் நிமிர்கிற இடத்தில் கடைசி எழுத்தை இழுக்கிறார். அந்த இழுப்பில் பத்துப் பெண்கள் இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து மூச்சு விடுவது தெரிகிறது.

கடைசி பெஞ்சுக்காரன் இப்போது ஆவடியில் வேலை பார்க்கிறான். ராத்திரியில் பீட் செய்கிறான். அவனிடம் பதிவை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

“மிஸ், மாட்டவே மாட்டுது. ஆயா தொண்ணூறுல ஆரம்பிக்கிறாங்க, இழுக்கிற எடத்துல எண்பதுக்கு எறங்கிடுறாங்க. கட்டத்துக்குள்ள நிக்கமாட்டேங்கிறாங்க. வெட்டி வெட்டி ஒட்டுனா உயிரு போயிடுது.”

ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நாள் நடு ராத்திரி ஒரு பதிவு வந்தது. குரலில் அவன் கை வைக்கவே இல்லை. பீட்டை மாற்றியிருந்தான். ஆயா இழுக்கிற இடத்தில் டிரம் நின்றுவிடுகிறது. சட்டி மட்டும் மெல்ல ஒரு தட்டு. ஆயா மூச்சு வாங்கி அடுத்த வரிசைக்குக் குனிந்ததும் மறுபடி எல்லாம் சேர்ந்து விழுகிறது. அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: ஆயா நிக்கிறப்ப பீட்டும் நிக்கணும் மிஸ், அறிவண்ணன் பாட்டுல கவனிச்சேன்.

அடுத்த ஞாயிறு, ஹெட்போனை எடுத்துக்கொண்டு போனேன். ஆயாவின் காதில் மாட்டி, முடியை ஒதுக்கிவிட்டு, பாட்டைப் போட்டேன். முதலில் திடுக்கிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்புறம் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. கால் கட்டைவிரல் தரையில் தட்டியது. முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கழற்றாமல், பாட்டு இன்னும் காதில் ஓடுகிற மாதிரி, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

“மோளம் நல்லாக்கீது. ஆனா நடுவுல ரெண்டடி வுட்டுட்டேன்டி. போன எடு.”